உடையின் உட்புறம்



புதிய உடை ஒன்றை நாம் கையில் எடுக்கும்போது முதலிலே எதைப் பார்க்கிறோம்? நிறத்தைப் பார்க்கிறோம், பூவேலையைப் பார்க்கிறோம், கொலரும் கையும் எவ்வாறு அமைந்திருக்கின்றன என்று பார்க்கிறோம். தையலிலே கை தேர்ந்த மூதாட்டி ஒருத்தி பார்ப்பது வேறு. அவள் உடையை வாங்கியவுடனே உட்புறத்தை வெளியே திருப்புவாள். பக்கத் தையலை இரு விரல்களுக்கிடையே வைத்து, அக்குளிலிருந்து கீழ் மடிப்பு வரையில் தடவிக்கொண்டே போவாள். வெட்டிய விளிம்பு அடங்கியிருக்கிறதா, நூல் பிரிந்து தொங்குகிறதா என்று பார்த்த பின்னரே அவள் வாய் திறப்பாள். அந்த உடை எத்தனை மாதம் உழைக்கும் என்பது அப்போதே அவளுக்குத் தெரிந்துவிடும்.

வீட்டிலே உடை தைக்கும் சகோதரிகள் இந்த உள்விளிம்பை எவ்வாறு ஒழுங்காக முடிக்கலாம் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். இது சிறு பொருள்தான். ஆயினும் கண்டி நகரத்திலும், அதனைச் சூழ்ந்த அந்தானை, கலஹா, தெல்தோட்டை முதலான மலைப்பகுதிகளிலும் வாழும் குடும்பங்களுக்கு, ஆண்டின் பாதிச் செலவை மிச்சப்படுத்துவதும் வீணாக்குவதும் சில வேளைகளில் இந்தச் சிறு பொருளாகவே இருக்கக் காண்கிறோம்.

முதலில் என் சொந்தத் தவறொன்றைச் சொல்லிவிடுகிறேன். என் மூத்த மகள் பாடசாலைக்குச் செல்லத் தொடங்கிய ஆண்டிலே அவளுக்கு வெள்ளைச் சீருடையை நானே தைத்தேன். கொலர் நன்றாக அமைந்தது. மடிப்புகள் ஒன்றுக்கொன்று அளவாக விழுந்தன. அயல் வீட்டார் பாராட்டினார்கள், எனக்கும் பெருமைதான். துணியை மிச்சப்படுத்துவதாக எண்ணி, தையலுக்கு வெளியே கால் அங்குலம் மட்டும் விட்டு வெட்டியிருந்தேன். அந்த விளிம்பை வெட்டியபடியே விட்டுவிட்டேன். உள்ளேதானே இருக்கிறது, யார் பார்க்கப் போகிறார்கள் என்பது என் எண்ணம்.

அந்த ஆண்டு மழை மிகுதி. நாள்தோறும் துவைப்பதும், அடுப்படியிலே உலர்த்துவதுமாக ஒரு தவணை கழிந்தது. ஒருநாள் மாலை மகள் வலக்கையை உடலோடு ஒட்டியபடியே வீட்டுக்குள் வந்தாள். புத்தகப் பையைக் கூட இடக்கையாலேதான் இறக்கி வைத்தாள். கையிலே அடிபட்டதோ என்று பதறிப் பார்த்தபோது, அக்குளிலே தையல் ஒரு சாண் அளவுக்குத் திறந்து கிடந்தது. விடை தெரிந்தும் அன்று முழுவதும் அவள் வகுப்பிலே கையை உயர்த்தவில்லை.

நூல் அறுந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன். இயந்திரத் தையல் அப்படியே இருந்தது, அறவில்லை. துணியே தையலைவிட்டு நழுவிப் போயிருந்தது. கால் அங்குல விளிம்பு இழை இழையாக உதிர்ந்து, தையல் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாமற் போய்விட்டது.

எங்கள் வரிசையிலே மூன்றாம் வீட்டிலே பெரியம்மா ஒருவர் இருந்தார். உறவினர் அல்லர், அயலார் எல்லாருக்கும் அவர் பெரியம்மாதான். அவரிடம் சட்டையைக் கொண்டுபோனேன். உட்புறத்தைத் திருப்பிப் பார்த்தார்.

“மகள், வெளியே ஊர் பார்ப்பதற்குத் தைத்திருக்கிறாய். உள்ளே பிள்ளைக்குத் தைக்க மறந்துவிட்டாயே!” என்றார்.

“இதை இனித் திருத்த முடியுமா, பெரியம்மா?” என்று கேட்டேன்.

“இந்தச் சட்டைக்குக் குறுக்குப் பட்டி வைத்து ஒட்டுப் போடலாம். அடுத்த சட்டைக்கு இப்போதே கற்றுக்கொள்” என்றார்.

அவரிடம் கற்றதும், பின்னர் பிறரிடமும் அனுபவத்திலும் கற்றதுமாகச் சேர்த்தே இப்போது உங்களுக்குச் சொல்கிறேன்.

வெட்டிய விளிம்பு ஏன் உதிர்கிறது? நெய்த துணியெல்லாம் பாவும் ஊடுமாகச் செல்லும் இழைகளால் ஆனது. தறியிலே நெய்யும்போது ஊடிழை இரு ஓரங்களிலும் திரும்பித் திரும்பி வருவதால் அங்கே கரை உண்டாகிறது. கரையிலே இழை பிரியாது. கத்தரிக்கோலால் நாம் வெட்டும் இடத்திலோ ஒவ்வோர் இழையும் அறுபட்டு நிற்கிறது. அதைப் பிடித்து நிறுத்துவது பக்கத்து இழைகளின் உராய்வு மாத்திரமே. துவைக்கும்போதும், முறுக்கிப் பிழியும்போதும், உடுத்தி நடக்கும்போதும் அந்த உராய்வு சிறிது சிறிதாகத் தளர்கிறது. ஓர இழை வெளியேறுகிறது. அடுத்த இழைக்குக் காவல் இல்லாமற் போகிறது.

எல்லாத் துணியும் ஒரே வேகத்தில் உதிர்வதில்லை. நெருக்கமாக நெய்த பொப்ளின் மெல்ல உதிரும். தளர்வாக நெய்த கைத்தறித் துணி விரைவாக உதிரும். வழுவழுப்பான பட்டும் ரேயனும் தொட்டாலே உதிரும். ரேயனுக்கு இன்னொரு குறை உண்டு: பருத்தி நூல் நனைந்தால் வலிமை கூடும், ரேயன் நூல் நனைந்தால் வலிமை குன்றும். ஆதலால் துவைக்கும் கல்லிலே முதலில் தோற்பது ரேயன் உடையின் தையலே. பின்னல் துணியாகிய பனியன் வகை பெரும்பாலும் உதிர்வதில்லை, சுருளும். துணி வாங்கியவுடன் ஒரு மூலையிலே இரண்டங்குலம் வெட்டி, நகத்தால் ஓரத்தைச் சுரண்டிப் பாருங்கள். எத்தனை இழைகள் எளிதாகக் கழன்று வருகின்றன என்பதைக் கொண்டு, அதற்கு எந்த முடிப்பு வேண்டும் என்று தீர்மானிக்கலாம்.

கண்டிக்கென்று ஒரு நிலைமையும் உண்டு. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலே, மலைகள் சூழ, வாவியை நடுவே கொண்டு அமைந்தது நம் நகரம். தென்மேற்குப் பருவக் காற்றும் மழை தரும். ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலோ பிற்பகல் தோறும் வானம் இருண்டு பொழியும். துணி உலர்வது அரிது. தடித்த மடிப்புகளே எல்லாவற்றுக்கும் பின்னால் உலர்கின்றன. ஈரம் தங்கிய மடிப்பிலே கரும்புள்ளியாகப் பூஞ்சணம் பிடிக்கிறது. ஆகவே நமக்கு வேண்டிய உள்விளிம்பு இரண்டு குணம் உடையதாக இருக்க வேண்டும்: இழை பிரியாமல் அடங்கியிருக்க வேண்டும், ஈரம் தங்குமளவு தடிப்பாகவும் இருக்கக்கூடாது. யாழ்ப்பாணத்து வெயிலிலே ஒரு மணி நேரத்தில் உலரும் சட்டைக்கும் அந்தானை மூடுபனியிலே இரண்டு நாள் தொங்கும் சட்டைக்கும் ஒரே முடிப்பைச் சொல்வது பொருந்தாது.

இனி முறைகளுக்கு வருவோம். கையிலே ஊசியும் நூலும் மாத்திரம் உடையவர்களிடமிருந்தே தொடங்குகிறேன்.

முதலாவது, சுற்றுத் தையல். பக்கத் தையலைத் தைத்த பின்னர், உட்புறத்திலே இரண்டு விளிம்புகளையும் புத்தகத்தைத் திறப்பதுபோல் இரு பக்கமும் விரித்து, இஸ்திரிப் பெட்டியால் அழுத்துங்கள். பிறகு ஒவ்வொரு விளிம்பையும் தனித்தனியே ஊசியால் சாய்வாகச் சுற்றிச் சுற்றித் தைக்க வேண்டும். ஊசி இறங்கும் ஆழம் அரைக்கால் அங்குலம், அதாவது 3 மில்லிமீற்றர். ஒரு சுற்றுக்கும் மறு சுற்றுக்கும் இடைவெளி கால் அங்குலம். நூலை இறுக்கி இழுத்தால் விளிம்பு சுருண்டு, வெளியே தடமாகத் தெரியும். ஆகவே துணியின்மேல் படுத்திருக்கும் அளவுக்கு இழுத்தால் போதும். நூலை முழங்கைக்குமேல் நீளமாக எடுக்காதீர்கள். நீண்ட நூல் முறுக்கேறிச் சிக்கும்.

நேர்த்தையல் மாத்திரமே போடக்கூடிய பழைய கை இயந்திரமோ கால் இயந்திரமோ உடையவர்கள், சுற்றுத் தையலுக்கு முன்னே விளிம்பிலிருந்து அரைக்கால் அங்குலம் உள்ளே ஒரு நேர்த்தையல் ஓட்டிவிடலாம். இழைகள் அந்தக் கோட்டைத் தாண்டி எளிதில் பிரியமாட்டா. சிங்கர் நிறுவனம் இலங்கைக்கு வந்தது 1877ஆம் ஆண்டிலே. அதன் பின் எத்தனையோ பாட்டிமார் நேர்த்தையல் ஒன்றையே கொண்டு ஒரு குடும்பத்தின் உடை முழுவதையும் தைத்து முடித்தார்கள். ஆகவே இயந்திரம் பழையது என்று ஒருவரும் மனம் தளர வேண்டியதில்லை. வளைந்து வளைந்து தைக்கும் சிக்சாக் வசதி உள்ள இயந்திரமாயின் வேலை எளிது. ஊசி ஒரு முறை துணியிலும், மறு முறை விளிம்புக்குச் சற்று வெளியிலும் விழும்படி ஓட்டினால், நூலே விளிம்பைக் கட்டிக்கொள்ளும்.

இரண்டாவது, மடித்துத் தைத்தல். விரித்த விளிம்பின் ஓரத்தை அரைக்கால் அங்குலம் கீழ்ப்புறமாக மடித்து, அந்த மடிப்பின்மேல் மட்டும் ஒரு தையல் ஓட்டுவது. சட்டையின் வெளித்துணியைச் சேர்த்துத் தைத்துவிடாமல் கவனித்துக்கொள்ள வேண்டும். பொப்ளின், சீத்தை போன்ற மெல்லிய பருத்தித் துணிக்கு இது மிக நேர்த்தியான முடிப்பு. தடித்த துணிக்கு ஆகாது.

மூன்றாவது, பிரெஞ்சுத் தையல் என்று சொல்லப்படும் இரட்டைத் தையல். இதனை முதன்முறை தைக்கும் எவருக்கும் தலைகீழாகத் தைப்பதாகவே தோன்றும். வழக்கமாக நல்ல பக்கத்தோடு நல்ல பக்கத்தை வைத்துத் தைக்கிறோம் அல்லவா? இங்கே முதலில் உட்பக்கத்தோடு உட்பக்கத்தைச் சேர்த்து, விளிம்பிலிருந்து கால் அங்குலத்தில் தைக்க வேண்டும். பிறகு அந்த விளிம்பை அரைக்கால் அங்குலமாகக் குறைத்து வெட்டுங்கள். துணியைத் திருப்பி, நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று நோக்கும்படி வைத்து, தையல் சரியாக ஓரத்தில் வரும்படி அழுத்துங்கள். இப்போது மீண்டும் கால் அங்குலத்தில் தையுங்கள். வெட்டிய விளிம்புகள் இரண்டும் ஒரு சிறு குழாய்க்குள் அடைபட்டுவிடும். மொத்தம் அரை அங்குலமே செலவு. இரண்டாம் தையலைக் கால் அங்குலத்துக்குக் குறைவாக ஓட்டினால், உள்ளே அடைபட்ட இழைகள் வெளிப்பக்கத்தில் மயிர்போல் எட்டிப் பார்க்கும். அது ஒன்றிலே எச்சரிக்கை வேண்டும்.

மெல்லிய வொயில் இரவிக்கைக்கும், குழந்தையின் சட்டைக்கும், தலையணை உறைக்கும் இதனை விஞ்சிய முடிப்பு இல்லை. கை பொருந்தும் வளைவிலே இது சிரமம் தரும்; தடித்த துணியிலே கயிறுபோல் நிற்கும்; மழைக்காலத்தில் உலரவும் தாமதமாகும்.

நான்காவது, தட்டைத் தையல். இரண்டு துணிகளையும் உட்பக்கங்கள் சேர அரை அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாக விட்டுத் தைத்து, ஒரு பக்கத்து விளிம்பை மட்டும் அரைக்கால் அங்குலமாகக் குறைக்க வேண்டும். அகலமாக நிற்கும் மற்ற விளிம்பை அதன்மேல் போர்த்தி, ஓரத்தை உள்ளே மடித்து, தட்டையாகப் படுக்க வைத்து, மடிப்பின் ஓரமாக இன்னொரு தையல் ஓட்டுவது. வெளியே இரண்டு தையற்கோடுகள் தெரியும். உள்ளும் புறமும் ஒரே ஒழுங்காக இருக்கும். டெனிம் காற்சட்டைகளின் காலிலே நீங்கள் காணும் தடித்த இணைப்பு இதுவே. ஓடி விளையாடும் சிறுவனின் நீலக் காற்சட்டைக்கும், ஆடவர் சட்டைக்கும், வேலைக்கு உடுத்தும் உடைக்கும் ஏற்றது.

துணித் துண்டுகளை ஒழுங்காகப் பொருத்துவது பற்றிப் பேசும்போது கண்டியிலே வாழும் நமக்கு வேறொரு காட்சியும் நினைவுக்கு வரவேண்டும். மல்வத்தை, அஸ்கிரிய ஆகிய இரு பெரும் பீடங்கள் அமைந்த நகரம் இது. மழைக்கால வஸ் முடிந்த பின்னர் பௌத்த துறவிகளுக்குக் கட்டின சீவரம் என்னும் காவியாடை வழங்குவது மரபு. ஒரே நாளுக்குள் துணியை வெட்டி, தைத்து, சாயமிட்டு முடிக்க வேண்டும் என்பது அதன் நியமம். முழுத் துணியாக அன்றித் துண்டு துண்டாக வெட்டி இணைக்கப்படும் அந்த ஆடையின் அமைப்பு, மகத நாட்டு வயல்களையும் வரம்புகளையும் பார்த்து, புத்தர் பெருமானின் பணிப்பின்படி ஆனந்தர் வகுத்தது என்று விநய நூலாகிய மகாவக்கம் கூறுகிறது. வயலுக்கு வரம்பு எப்படியோ, உடைக்குத் தையல் அப்படி. வரம்பு உடைந்தால் வயலிலே நீர் நில்லாது; உள்விளிம்பு பிரிந்தால் உடையிலே தையல் நில்லாது. நமது உழவர் பெருமக்கள் வரம்பை ஆண்டுதோறும் அணைப்பதுபோல நாமும் விளிம்பை அணைத்து வைக்க வேண்டும்.

ஐந்தாவது, குறுக்குப் பட்டி வைத்தல். துணியை மூலைவிட்டமாக மடித்து, அந்தச் சாய்வுக் கோட்டிலே ஓர் அங்குலம் முதல் ஒன்றேகால் அங்குலம் வரை அகலமான பட்டிகளாக வெட்டிக்கொள்ள வேண்டும். சாய்வாக வெட்டிய துணி நெகிழ்ந்து கொடுக்கும், வளைவுக்கு இணங்கும். கழுத்து, கை வளைவு ஆகிய இடங்களிலே விளிம்பை இந்தப் பட்டியால் பொதிந்து தைத்தால் என் மகளுக்கு நேர்ந்தது உங்கள் பிள்ளைக்கு நேராது. புதுத் துணி வாங்க வேண்டியதில்லை. பழைய பருத்திச் சேலையின் முந்தானைப் பக்கம் பெரும்பாலும் தேயாமல் இருக்கும், அதுவே போதும். பட்டியை மிகத் தடித்த துணியிலே எடுக்காதீர்கள். அக்குளிலே அது உராய்ந்து புண்ணாக்கும்.

விளிம்பை அரம்பப் பல்போல் வெட்டும் கத்தரிக்கோலைப் பற்றியும் சிலர் கேட்பதுண்டு. சாய்வாக வெட்டும் இடத்தில் இழை அவ்வளவாகப் பிரிவதில்லை என்னும் உண்மையை வைத்தே அது செய்யப்பட்டது. நெருக்கமான துணிக்கும், அடிக்கடி துவைக்காத உடைக்கும் அது போதும். நாள்தோறும் துவைக்கும் சீருடைக்கு அதை நம்ப வேண்டாம். இன்னும் சிலர் நைலோன், பொலியெஸ்டர் விளிம்புகளை மெழுகுவர்த்திச் சுடரிலே காட்டி உருக்கிவிடுகிறார்கள். உருகிய ஓரம் இறுகி முள்போல் உடலைக் கீறும். பருத்தி கலந்த துணியாயின் தீப்பற்றவும் கூடும். அம்முறையைக் கைவிடுவதே நன்று.

ஆறாவதாக, இக்காலத்தில் எல்லாரும் அறிந்த ஓவர்லொக். விளிம்பை வெட்டிக்கொண்டே, மூன்று அல்லது நான்கு நூல்களால் அதைச் சுற்றிப் பின்னிச் செல்லும் இயந்திரம் அது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்திலே மெரோ குடும்பத்தாரின் ஆலையில் 1881ஆம் ஆண்டு உருவானது. வீட்டிலே வைத்துக்கொள்ளத்தக்க சிறிய வடிவம் 1960களிலே யப்பானில் வந்தது. நம் நாட்டிலே 1977ஆம் ஆண்டின் பொருளாதார மாற்றத்துக்குப் பின்னரும், 1992ஆம் ஆண்டு தொடங்கிய 200 ஆடைத் தொழிற்சாலைகள் திட்டத்துக்குப் பின்னரும், கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கானோர் இந்த இயந்திரத்தின் முன்னே அமர்ந்தார்கள். கண்டிக்கு அருகே பல்லேகலையிலும் தொழிற்பேட்டை உண்டு. ஆடைத் தொழிற்சாலையிலே வேலை செய்த பெண் வீடு திரும்பித் தைக்கும் சட்டையின் உட்புறத்தைப் பாருங்கள். தொழிலின் ஒழுங்கு அங்கே தெரியும்.

சொந்தமாக அந்த இயந்திரம் இல்லாதவர்களுக்குத் தையற்கடைகளிலே சிறு கட்டணத்துக்கு ஓவர்லொக் அடித்துக் கொடுக்கிறார்கள். நல்லதுதான், ஆனால் இரண்டு செய்திகளை நினைவிலே வைத்துக்கொள்ளுங்கள். நெய்த துணியிலே மூன்று நூல் ஓவர்லொக் விளிம்பைக் காக்குமேயன்றி இரு துணிகளை இறுகப் பிணைக்காது. அதற்கு உள்ளே ஒரு நேர்த்தையல் கட்டாயம் வேண்டும். இது முதற் செய்தி. அந்த இயந்திரத்தின் கத்தி, நீங்கள் விட்டுவைத்த துணியை வெட்டி எறிந்துவிடும் என்பது இரண்டாவது செய்தி. வளரும் பிள்ளையின் உடைக்கு இதுவே பெரிய இழப்பு.

சகோதரிகளே, இந்த இடத்திலேதான் நான் சொல்ல விரும்பும் முதன்மையான கருத்து இருக்கிறது. நம் நாட்டிலே பாடசாலை மாணவர்களுக்கு அரசு இலவசமாகச் சீருடைத் துணி வழங்கும் திட்டம் 1993ஆம் ஆண்டு தொடங்கியது. இடையே சில ஆண்டுகள் துணிக்குப் பதிலாகப் பணப் பற்றுச்சீட்டு வழங்கப்பட்டது. அண்மை ஆண்டுகளிலே சீன நாட்டின் நன்கொடையாகவும் துணி வந்தது. எவ்வாறு வந்தாலும் அது அளந்து கொடுக்கும் துணி. ஒரு பிள்ளைக்கு இவ்வளவு என்று கணக்கு உண்டு. வசதி உள்ள வீட்டிலே மேலும் இரண்டு சோடி வாங்கிக்கொள்வார்கள். மலைத்தோட்டத்து லயத்திலே காலை கொழுந்து பறிக்கச் சென்று மாலை திரும்பும் தாய்க்கு அந்த ஒரு துணியே ஆண்டு முழுமைக்குமான துணி. பிள்ளையோ அந்த ஆண்டுக்குள்ளே இரண்டு அங்குலம் வளர்ந்துவிடுகிறது.

ஆகவே சீருடை தைக்கும்போது விளிம்பை அடக்குவதோடு, விளிம்பிலே வளர்ச்சியையும் சேமித்து வையுங்கள். துணியை முதலில் ஒரு முறை நனைத்து உலர்த்திக்கொள்ளுங்கள். பருத்தி கலந்த துணி முதல் துவைப்பிலே சுருங்கும். வெண்கட்டியால் தையற்கோட்டையும் வெட்டுக்கோட்டையும் தனித்தனியே வரையுங்கள். பக்கத் தையலுக்கு வெளியே ஓர் அங்குலம் விடுங்கள். தோளிலும் கை வளைவிலும் அரை அங்குலம் போதும். அங்கே கூடுதலாக விட்டால் தடிக்கும். கீழ் மடிப்புக்கு மூன்று அங்குலம் விடுங்கள். துண்டுகளை இணைக்கும் முன்னரே ஒவ்வொன்றின் விளிம்பையும் தனித்தனியே சுற்றுத் தையலாலோ ஓவர்லொக்காலோ முடித்துவிடுங்கள். கடையிலே கொடுப்பதாயின், “விளிம்பை வெட்டாமல் ஓரத்தில் மட்டும் அடித்துத் தாருங்கள்” என்று சொல்லிக் கொடுங்கள். அதன் பின்னரே துண்டுகளைச் சேர்த்து, நீங்கள் வரைந்த தையற்கோட்டிலே நேர்த்தையல் ஓட்டி, உட்புறத்தை விரித்து அழுத்துங்கள்.

இதன் பயன் ஆறு மாதம் கழித்துத் தெரியும். பிள்ளைக்குச் சட்டை இறுகும்போது பழைய தையலைப் பிரித்து, அரை அங்குலம் வெளியே தள்ளிப் புதுத் தையல் போடலாம். இரு பக்கமும் முன்னும் பின்னுமாக நான்கு விளிம்புகள் உண்டல்லவா? அரை அங்குலம் நான்கு முறை சேர்ந்தால் சுற்றளவிலே இரண்டு அங்குலம் கிடைக்கும். விளிம்பு முன்னரே அடங்கியிருப்பதால் மறுபடியும் அதை முடிக்க வேண்டிய வேலை இல்லை. கீழ் மடிப்பை இறக்கினால் உயரமும் கிடைக்கும். பழைய மடிப்புத் தடம் தெரிந்தால், சிறிது வினாகிரி கலந்த நீரிலே துணியை நனைத்து அதன்மேல் வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்துங்கள். தடம் பெரும்பாலும் மங்கும். வெள்ளையிலே இது எளிது. நீலத் துணியிலே வெளுக்காத கோடு தெரியலாம். பிள்ளை இளைய தம்பிக்கு அதைக் கொடுக்கும்வரை பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பச்சிளங் குழந்தையின் உடையைப் பற்றி ஒரு வார்த்தை. குழந்தையின் தோல் மென்மையானது. தடித்த விளிம்பு உறுத்தும். முதல் மாதச் சட்டைகளிலே தையலின் விளிம்பை வெளிப்புறமாக வரும்படி தைப்பதிலே குற்றமில்லை. அதைவிட முக்கியமானது தொங்கும் நூல். காலுறை, கையுறைகளின் உள்ளே பிரிந்து கிடக்கும் ஓர் இழை, குழந்தையின் கால்விரலிலோ கைவிரலிலோ சுற்றிக்கொண்டு இரத்த ஓட்டத்தைத் தடுத்துவிடக்கூடும். காரணம் தெரியாமல் குழந்தை விடாது அழுதால், விரல்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள் என்று மருத்துவர்கள் சொல்வது இதனாலே. குழந்தைக்கு அணிவிக்குமுன் ஒவ்வோர் உடையையும் உட்புறம் திருப்பி நூல் பார்த்து நறுக்குவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒன்று. எந்த முடிப்பாயினும் அழுத்தாமல் அடுத்த தையலுக்குப் போகாதீர்கள். ஒரு தையல், ஓர் அழுத்தம் என்பதைச் சட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் இல்லாத வேளையிலே கரண்டியின் பின்புறத்தாலோ நகத்தாலோ மடிப்பை நன்றாக நீவிவிட்டாலும் போதும். வீட்டிலே தைத்த சட்டைக்கும் தையற்காரர் தைத்த சட்டைக்கும் நாம் காணும் வேற்றுமையிலே பாதி இந்த அழுத்தத்தினாலே வருவது.

இவ்வளவு வேலைக்கு நேரம் எங்கே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒரு சிறுமியின் சீருடைக்குச் சுற்றுத் தையல் முழுவதும் போட எனக்கு இரண்டு மாலைப்பொழுது செல்கிறது. அந்த இரண்டு மாலையும் செலவிடாத ஆண்டிலே, ஒரு தவணைக்குள் சட்டை கிழிந்தது. புதுத் துணிக்குக் கொழும்பு வீதியிலே கடை கடையாக ஏறி இறங்கினேன். அதற்குச் சென்ற பணமும் பொழுதும் மிகுதி. அதனிலும் மிகுதியானது, கையை உயர்த்தாமல் ஒரு நாள் முழுவதும் வகுப்பிலே உட்கார்ந்திருந்த பிள்ளையின் நாணம். அந்தக் கணக்கை எந்த அளவு நாடாவாலும் அளக்க முடியாது.

பெரியம்மா இப்போது இல்லை. என் மகள் வளர்ந்து, தன் பிள்ளைக்குத் தானே தைக்கிறாள். அவளிடம் நல்ல இயந்திரம் இருக்கிறது, ஓவர்லொக்கும் இருக்கிறது. ஆயினும் பக்கத் தையலுக்கு ஓர் அங்குலம் விட்டே வெட்டுகிறாள். சென்ற முறை நான் போனபோது சட்டையை முடித்து என் கையிலே தந்தாள். நான் வழக்கம்போல உட்புறத்தைத் திருப்பினேன். “பாருங்கள் அம்மா, நன்றாகப் பாருங்கள்” என்று சிரித்தாள். விரலுக்கு ஒரு நூலும் அகப்படவில்லை.

நேயர்களே, இன்றிரவு உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் சீருடையில் ஒன்றை எடுத்து உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். அக்குளிலும் இடுப்பிலும் விளிம்பு எப்படி இருக்கிறது என்று விரலால் தடவிப் பாருங்கள். பிரிந்திருந்தால் ஊசியை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு அங்குலம் சுற்றித் தைப்பதற்குக் கால் மணி நேரம் போதும். நாளைக் காலை அந்தப் பிள்ளை எவ்விதத் தயக்கமும் இன்றிக் கையை உயர்த்தட்டும்.